குராமோச்சியின் சந்து

ஹமாசே துறைமுகத்தில் குராமோச்சியைத் தெரியாதவர் கிடையாது. தெரிந்துகொள்ளும்படி அந்த மனிதர் என்ன கிழித்தார் என்று கேட்டால்தான் யாருக்கும் பதில் வராது. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் ஐஸ் விற்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலேயே ஓய்வும் பெற்றார். படகேறியதில்லை, வலை இழுத்ததில்லை, சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரை மேலே தூக்கிவிட யாருக்கும் தோன்றவில்லை. கீழே தள்ளவும் தோன்றவில்லை. அப்படி ஓர் ஆள். ஆனால் சாயங்காலம் வேலை முடிந்து எங்கள் சந்து முனைக்கு வந்துவிட்டால் போதும், முதுகு தானாக நிமிர்ந்துவிடும். ஏனென்றால் சந்து அவருடையது.

சந்து முனையில் இருக்கும் சலூன் என்னுடையது. என் பெயர் செட்சு. கணவர் போன பிறகும் கத்திரியை நான் கீழே வைக்கவில்லை. கடையின் முன்வாசல் கடைத்தெருவுக்குத் திறக்கும், பின்வாசல் சந்துக்குள் திறக்கும். முன்வாசலில் நான் யாருக்கும் குனிய வேண்டியதில்லை. பின்வாசலில் குராமோச்சிக்குக் குனிந்தாக வேண்டும். துணி காயப்போடுவது அந்தப் பக்கம்தானே, என்ன செய்வது.

அந்தச் சந்தைப் பார்த்தால் இதற்கா இவ்வளவு என்பீர்கள். ஒரு சின்ன லாரி நுழைந்தால் இரண்டு பக்கமும் கைவிட இடம் மிஞ்சும், அவ்வளவுதான் அகலம். முனையில் நான், அடுத்து படகுக்கு வர்ணம் அடிப்பவர், எதிரே நூடுல்ஸ் கடைக்காரர் வீடு, அதைத் தாண்டி குராமோச்சி வீடு, கடைசியில் இவாசே டீச்சர் வீடு. அதற்கப்புறம் மலைச்சரிவு, வழி கிடையாது.

சந்து எப்படி அவருடையதானது? பூந்தொட்டிகளால்தான். குராமோச்சியின் அப்பா வாசலுக்கு வெளியே சுவரை ஒட்டி நாலைந்து தொட்டி வைத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தொட்டிகளுக்கு அடியில் சிமெண்ட் பூசினார். அதற்கும் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் சந்தைப் பெருக்கிக்கொண்டிருந்த நூடுல்ஸ் கடைக்காரரைப் பார்த்து, "எங்க இடத்த நீங்க எதுக்குப் பெருக்குறீங்க, நாங்களே பாத்துக்குறோம்" என்றார். அவரும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த மன்னிப்போடு சந்து கைமாறியது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஏமாந்துபோவது பெரிய விஷயமில்லை. எதிரே நிற்பவரிடம் கேள்வி கேட்டு அவர் முகம் கோணுவதைப் பார்ப்பதுதான் பெரிய விஷயம்.

அப்பா போனதும் மகன் சந்துக்கு வந்தார். ஐஸ் ஜன்னலில் கிடைக்காத மரியாதையை எல்லாம் இங்கே வசூல் செய்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். மீன் கூடையிலிருந்து தண்ணீர் சொட்டக் கூடாது. வருடக் கடைசியில் ஒவ்வொரு வீடும் பயற்று இனிப்புப் பெட்டி கொண்டுபோய்க் கொடுத்து, இந்த வருடம் நடக்கவிட்டதற்கு நன்றி, அடுத்த வருடமும் தயவு வேண்டும் என்று குனிய வேண்டும். எங்கள் பக்கத்தில் யார் வீட்டுப் படி ஏறினாலும் "தொந்தரவு பண்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் ஏறுவோம். சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும். குராமோச்சி சொல்ல மாட்டார். என் பின்வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே வந்து, துவைத்த துண்டு எடுத்து மடியில் போட்டுக்கொண்டு சவர நாற்காலியில் சாய்வார். சந்தே தன்னுடையது என்றால் படியும் தன்னுடையதுதானே என்ற நினைப்பு.

பெருக்கும் வேலையை மட்டும் மனைவி ஹட்சுயே தலையில் கட்டினார். விடிந்தும் விடியாமலும் துடைப்பச் சத்தம் கேட்கும். மழையில் பெருக்குவாள், பனியில் பெருக்குவாள், காய்ச்சலோடு பெருக்குவாள். தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவள்தான். உடையவர் வாசலில் நின்று, அங்கே ஒரு இலை, இங்கே ஒரு இலை என்று விரல் நீட்டுவார்.

எனக்கு அவர்மேல் இவ்வளவு காட்டம் ஏன் என்று கேட்பீர்கள். என் கல்யாணத்திலிருந்து வருகிறது அது. பெண் வீட்டுச் சாமான் ஏற்றிய லாரி பின்னால் நகரக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பின்னால் நகர்ந்தால் பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிடுவாள் என்று அர்த்தம். எதிரே வேறு வண்டி வந்தால்கூட அவர்கள்தான் ஒதுங்குவார்கள், பெண் வீட்டு லாரி ஒதுங்காது. சலூனின் முன்பக்கம் நாற்காலிகள் நிரம்பியிருந்ததால் என் அலமாரியையும் பெட்டிகளையும் பின்வாசல் வழியாக இறக்கலாம் என்று லாரி சந்துக்குள் திரும்பியது. குராமோச்சி நடுவில் வந்து நின்றார். அப்போது சின்ன வயசு, மீசைகூடச் சரியாக வரவில்லை. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டி நுழையலாமா என்றார். லாரி பின்னால் போக முடியாது என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் நின்றார்.

என் அப்பா கணவாய் மீன் பிடிக்கிறவர். இரவல் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு லாரியிலிருந்து இறங்கி, தன் வயசில் பாதிகூட இல்லாத அந்த ஆளின் முன்னால் இடுப்பு மடிய வணங்கினார். போதாது என்று குராமோச்சி அப்படியே நின்றார். அப்பா இன்னொரு முறை வணங்கினார். லாரிக்குள் இருந்து கண்ணாடி வழியாக நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு இத்தனை வருடம் அந்தக் கழுத்துக்குச் சவரம் செய்து அனுப்புகிறேன், ஒரு கீறல் விழாமல். அந்தப் பொறுமைக்கே எனக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம்.

இவாசே டீச்சர் போன வருடம் இறந்துபோனார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். வீடு ஒசாகாவில் இருக்கும் அக்கா மகனுக்குப் போனது. அவனுக்கு ஹமாசேயும் வேண்டாம், வீடும் வேண்டாம், விற்றுக் கை கழுவ வேண்டும். உள்ளூரில் யாரும் வாங்கவில்லை. வீடு நன்றாகத்தான் இருந்தது. குராமோச்சிக்குக் குனிந்து குடியிருக்க யாருக்கு ஆசை.

வாங்க வந்தவன் ருஸ்லான். இந்தோனேசியாவிலிருந்து சின்ன வயசில் படகு வேலைக்கு வந்தவன். இப்போது துறைமுகப் பட்டறையில் எஞ்சின் பழுது பார்க்கிறான். அவன் மனைவி வர்சி கருவாட்டுக் கொட்டகையில் வேலை செய்கிறாள். இரண்டு பிள்ளைகளும் இந்த ஊர்ப் பள்ளியில்தான் படிக்கின்றன, என் பேரனைவிடச் சுத்தமாக எங்கள் பாஷை பேசும். பட்டறைக்காரர் கொடுத்திருந்த குடியிருப்பை வசந்தத்தில் இடிக்கப்போகிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடமெல்லாம் டீ கொடுத்து, குனிந்து, மிகவும் வருத்தமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். வெளிநாட்டுக்காரன் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் சொல்வதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. வாடகைக்குக் கிடைக்காவிட்டால் வாங்கிவிடுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தார்கள். இந்த வீடும் கைநழுவினால் பிள்ளைகளின் பள்ளியை விட்டு, பட்டறையை விட்டு, உள்நாட்டில் எங்கோ ஒரு தொழிற்சாலை ஊருக்குப் போக வேண்டியதுதான்.

வீட்டுத் தரகர் எல்லாம் சரி என்றார். ஒன்றே ஒன்றுதான் பாக்கி, சந்துக்காரர் சம்மதம். நடக்கவும், தண்ணீர்க் குழாய் மாற்றத் தோண்டவும் குராமோச்சி காகிதத்தில் தன் பெயர் முத்திரையைக் குத்தித் தர வேண்டும், எங்களுக்குக் கையெழுத்து என்றால் அதுதான். அது இல்லாமல் வங்கி கடன் கொடுக்காது. தரகரும் இதே ஊர்க்காரர்தான். சந்து யாருடையது என்று அவரும் ஒருநாளும் கேட்டதில்லை. பழைய வரைபடத்தில் அந்த இடம் கையால் இழுத்த ஒரு கோணல் கோடு, பார்க்கிறவர் இஷ்டத்துக்குப் படிக்கலாம்.

ருஸ்லான் முடி வெட்டிக்கொள்ள என்னிடம்தான் வருவான். நாற்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான்.

"அக்கா, அந்த அய்யாவ எப்படிப் பாக்குறது?"

"இனிப்புப் பெட்டியோட பாரு. வெறுங்கையோட போனா கதவுகூட திறக்க மாட்டாரு."

அவன் ஊரிலேயே விலை அதிகமான பெட்டியை வாங்கிக்கொண்டு போனான். போன வேகத்திலேயே பெட்டியோடு என் பின்வாசலுக்குத் திரும்பி வந்தான். குராமோச்சியின் குரல் அவனுக்குப் பின்னால் சந்து முழுக்கக் கேட்டது.

"என்னய்யா முடிச்சு இது? எனக்கென்ன கல்யாணமா? இல்ல நான் ஆஸ்பத்திரியில கெடக்கேனா? வீடு வாங்க வந்துட்டானாம் வீடு! மொதல்ல ஒரு பொட்டிய ஒழுங்காக் கட்டிட்டு வரச் சொல்லு!"

பெட்டியைப் பார்த்தேன். சுற்றிய கயிற்றில் அவிழாத முடிச்சு. கல்யாணத்துக்கும் நோயாளிக்கும்தான் அப்படிக் கட்டுவோம், ஒரு தடவையோடு போகட்டும் என்று. மற்றதற்கெல்லாம் இழுத்தால் அவிழ்கிற முடிச்சு, திரும்பத் திரும்ப வரட்டும் என்று. கடைக்காரப் பெண் என்ன விசேஷம் என்று கேட்டிருக்கிறாள். வீடு என்று இவன் சொன்னதும் புது மாப்பிள்ளை என்று நினைத்துவிட்டாள்.

"வாங்கி வச்சுக்க வேண்டியதுதானே, தின்கிறது முடிச்சையா?" என்று நான் கத்தினேன், அவர் காதில் விழட்டும் என்று.

ருஸ்லானுக்குக் கோபமே வரவில்லை. கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, "சொல்லிக் குடுங்க அக்கா, இன்னும் என்னல்லாம் இருக்கு?" என்றான். சொல்லிக்கொடுத்தேன். முடிச்சு, குனிகிற அளவு, பெட்டியை எந்தப் பக்கம் திருப்பி நீட்ட வேண்டும், சாமான் வண்டி பின்னால் நகரக் கூடாது என்பது வரை. அவன் பள்ளிப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

இரண்டாவது பெட்டியைக் குராமோச்சி வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு நிபந்தனைகளை எடுத்துவிட்டார். எண்ணெயில் பொரிக்கிற வாசனை சந்துக்குள் வரக் கூடாது. சொந்தக்காரன் சிநேகிதன் என்று கும்பல் சேரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, சர்வேயரை வைத்துச் சந்தை அளக்க வேண்டும், எல்லைக்கல்லைக் கண்டுபிடித்துக் கோடு போட வேண்டும், செலவு ருஸ்லானுடையது.

மறுநாள் சவரத்துக்கு வந்தவர் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இவனுங்கள நம்ப முடியாது செட்சு. இன்னைக்கு ஒரு சாண் உள்ள வருவான், நாளைக்கு வாசல்ல வந்து நிப்பான். நாமதான் அளந்து வச்சுக்கணும்."

"ஆமாமா. அடுத்தவன் எடத்துக்குள்ள கொஞ்சங்கொஞ்சமா வர்றவன நம்பவே கூடாது" என்றேன். அவருக்கு உறைக்கவில்லை. உறைக்கிற தோல் எங்கே இருக்கிறது என்று கத்தி வைத்த எனக்கே இதுவரை தெரியாது.

அளக்கிற நாளில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் நேரில் வந்து நின்று பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். குராமோச்சி கோட்டு, கழுத்துப் பட்டை எல்லாம் போட்டுக்கொண்டு வந்தார். பரிசு வாங்க வருகிறவர் மாதிரி முகம். ருஸ்லானும் வர்சியும் ஓரமாக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். சர்வேயர் கருவியை நிறுத்திப் பார்த்தார், கம்பியால் தரையைத் தட்டிப் பார்த்தார். பிறகு குராமோச்சியிடம் வந்து, தொட்டிகளை நகர்த்திச் சிமெண்ட்டைக் கொஞ்சம் உடைக்க அனுமதி கேட்டார்.

"உடைங்க உடைங்க. எல்லாருக்கும் தெரியட்டும்" என்றார் குராமோச்சி.

உடைத்தார்கள். கொஞ்சம் மண்ணைத் தள்ளியதும், தலையில் சிலுவை செதுக்கிய எல்லைக்கல் வந்தது. குராமோச்சி வீட்டுச் சுவரை ஒட்டி. ஒட்டி என்றால், சுவருக்கும் கல்லுக்கும் நடுவில் விரல் நுழையாது. அவருடைய வாசல்படி, கேஸ் சிலிண்டர், தொட்டி வரிசை எல்லாமே கல்லைத் தாண்டிச் சந்துப் பக்கம் இருந்தன. இன்னொரு கல் என் பின்வாசல் சாக்கடை மூடிக்கு அடியில் கிடைத்தது. இரண்டுக்கும் நடுவில் சர்வேயர் கயிறு கட்டி, கையிலிருந்த பதிவேட்டு நகலோடு ஒத்துப் பார்த்தார். சந்து முழுக்க, ஒரு முழம் மிச்சமில்லாமல், இவாசே டீச்சர் வீட்டோடு சேர்ந்த நிலம்.

"கல்லு நகந்திருக்கும்" என்றார் குராமோச்சி.

"இது நகர்ற கல்லு இல்லைங்க" என்றார் சர்வேயர்.

யாராவது சிரித்தார்களா? சிரிக்கவில்லை. எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். நூடுல்ஸ் கடைக்காரர், "நல்லவேளை, இன்னைக்கு மழை இல்ல" என்றார். அதற்கு வர்ணம் அடிப்பவர், "ஆமா, காத்தும் இல்ல" என்றார். இத்தனை வருடம் யாரோ ஒருவருடைய நிலத்தில் நடந்ததற்கு வேறு யாருக்கோ இனிப்பு கொடுத்த கூட்டம், வானிலை பேசிக் கலைந்தது. எனக்கு வாய்விட்டுச் சிரிக்க ஆசைதான். குராமோச்சியின் கழுத்துப் பட்டையைப் பார்த்ததும் அருவருப்பாக இருந்தது, அதனால் சிரிப்பு வரவில்லை.

எனக்கு அப்போது டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒருமுறை அவர் தலைமுடி வெட்டிக்கொள்ள வந்தபோது நான் குராமோச்சியைத் திட்டித் தீர்த்தேன். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டே, "விடு செட்சு. அதையும் புடுங்கிட்டா அந்த மனுஷன்கிட்ட என்ன இருக்கு?" என்றார். சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். தன் நிலத்தில் நடக்க, தானே வருடா வருடம் பெட்டி கொண்டுபோய்க் குனிந்திருக்கிறார். ஊரார் இதைப் பெரிய மனசு என்கிறார்கள். எனக்கு டீச்சர்மேலும் கோபம்தான் வந்தது. அவர் பெரிய மனசுக்கு என் அப்பா எதற்கு இடுப்பை மடக்கினார்?

கல் கிடைத்ததோடு காரியம் முடியவில்லை. அந்தக் கோட்டை ஒப்புக்கொள்கிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் முத்திரை வைக்க வேண்டும். நானும் மற்றவர்களும் வைத்துவிட்டோம். குராமோச்சி வைக்கவில்லை. முதுகு வலி என்று சொல்லிப் போர்வைக்குள் புகுந்துகொண்டார். தரகர் வந்தார், போர்வை அசையவில்லை. ஒசாகாக்காரன் போன் செய்து, இந்த மாதத்துக்குள் முடியாவிட்டால் வீட்டை இடித்து வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்றான். ருஸ்லானின் குடியிருப்பில் ஜன்னல்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். வர்சி கருவாட்டுக் கொட்டகையிலிருந்து வரும்போது முகம் வீங்கியிருக்கும்.

ஒரு காலையில் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ருஸ்லான் காகித உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையில் மூன்றாவது இனிப்புப் பெட்டியோடு குராமோச்சி வாசலில் நின்றான். எனக்கு இரத்தம் கொதித்தது.

"டேய், உனக்கு வெக்கம் இருக்கா? சந்து உன்னோடது ஆகப்போகுது, அந்தாளுக்குப் போய்ப் பொட்டி தூக்குறியே!"

"எனக்கு சந்து வேணாம் அக்கா. அவரே வச்சுக்கட்டும். எனக்கு வீடு வேணும்."

நான் அடுத்த துணியை எடுத்து உதறினேன்.

கதவைத் திறந்தது ஹட்சுயே. கையில் துடைப்பம். அன்றைக்கும் பெருக்கத்தான் வெளியே வந்திருக்கிறாள். பெட்டியை வாங்கி முடிச்சைப் பார்த்தாள்.

"நல்லா கட்டியிருக்கியே. யாரு சொல்லிக் குடுத்தா?"

ருஸ்லான் என் பக்கம் பார்த்தான். ஹட்சுயேயும் பார்த்தாள். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "பேப்பரக் குடு" என்றாள்.

அந்த வீட்டில் முத்திரை எப்போதும் ஹட்சுயேயின் இடுப்புப் பையில்தான் இருக்கும். ஐஸ் ஜன்னல் காலத்திலிருந்தே சம்பளத்துக்கும் வரிக்கும் பார்சலுக்கும் அவள்தான் குத்துவாள். உடையவருக்கு மை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. வாசல்படியில் காகிதத்தை விரித்தாள். அந்தப் படியும் அவர்களுடையது இல்லை என்று இப்போது தெரியுமல்லவா, ஒரு நிமிடம் அதைப் பார்த்தாள். முத்திரையை வாயருகே வைத்து ஊதி, சிவப்பு மையில் அழுத்தி, நிதானமாகக் குத்தினாள்.

உள்ளேயிருந்து போர்வை பேசியது. "ஹட்சுயே! வெளியில என்ன பண்ற?"

"பெருக்குறேன்" என்றாள் ஹட்சுயே. "கல்யாணம் ஆனதுலேர்ந்து எவ வீட்டுத் தெருவையோ பெருக்குனேன்ல. அதுல கடைசிக் குப்பைய இப்பத்தான் தள்ளுறேன்."

அன்றைக்கே தொட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி வைத்தாள். நானும் போய் ஒரு பக்கம் பிடித்தேன்.

வசந்தம் வந்தது, வீடு ருஸ்லானுடையது ஆனது. குடிவரும் நாளில் சின்ன லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்தான், தானே ஓட்டிக்கொண்டு. வர்சியும் பிள்ளைகளும் முன்னாலேயே போய்க் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் பின்வாசலில் நின்றேன். லாரி சந்துக்குள் திரும்பியது.

நடுவில் குராமோச்சி நின்றுகொண்டிருந்தார்.

எதற்கு நின்றார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. உரிமை போய்விட்டது, கல் வெளியே வந்துவிட்டது, ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் வண்டிச் சத்தம் கேட்டதும் கால்கள் தானாக வந்து நின்றுவிட்டன. அதைத் தவிர அந்தக் கால்களுக்கு வேறு வேலை தெரியாது. கையை உயர்த்தி, "நில்லு நில்லு" என்றார். "சுவத்துல இடிச்சிருவ. பின்னால எடு. நான் சொல்லும்போது வா."

ருஸ்லான் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான். குரலில் துளி கேலி இல்லை, அதுதான் அழகு.

"அய்யா, மன்னிக்கணும். சாமான் ஏத்துன வண்டி பின்னால போகக் கூடாதாமே. இந்த ஊர்ல அது நல்லதில்லையாமே."

குராமோச்சி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கை கட்டிக்கொண்டு, நன்றாகவே பார்த்தேன்.

லாரி நத்தை வேகத்தில் முன்னால் வந்தது. ஒதுங்கச் சுவருக்கும் லாரிக்கும் நடுவில் இடமில்லை. திரும்பி நடந்தால் ஓடுகிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, முகத்தை லாரிப் பக்கமே வைத்துக்கொண்டு பின்னால் நடக்க ஆரம்பித்தார். கை மட்டும் உயர்ந்தபடியே இருந்தது, ஏதோ இவர்தான் வழி காட்டுகிற மாதிரி. "மெதுவா, மெதுவா" என்று வேறு சொல்லிக்கொண்டார். வர்ணம் அடிப்பவர் வீட்டைத் தாண்டினார். நூடுல்ஸ் கடைக்காரர் வீட்டைத் தாண்டினார், அவர் ஜன்னலுக்குப் பின்னால் திரை அசைந்தது. தன் வீட்டு வாசல் வந்ததும் பின்பக்கமாகக் கையை நீட்டிக் கதவைத் தள்ளினார். கதவு நகரவில்லை.

"ஹட்சுயே! கதவத் திற!"

உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கூடியது.

"ஹட்சுயே!"

லாரி நின்று காத்திருந்தது. ருஸ்லான் ஹாரன் அடிக்கவில்லை, தலையை மட்டும் பணிவாக ஒருமுறை தாழ்த்தினான். கதவு திறக்கப்போவதில்லை என்று எனக்கே புரிந்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. மறுபடி பின்னால் நடந்தார். தொட்டிகள் இருந்த இடத்தில் சிமெண்ட்டில் வட்ட வட்டமாகக் கறை இருந்தது. அதை எல்லாம் மிதித்துக்கொண்டு சந்தின் கடைசி வரை போனார். அதற்கப்புறம் மலைச்சரிவு. திறந்திருந்த ஒரே கதவு இவாசே டீச்சர் வீட்டுக் கதவு, இனிமேல் ருஸ்லான் வீட்டுக் கதவு.

வர்சி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அடுப்பில் ஏதோ பொரித்துக்கொண்டிருந்தாள், வாழைப்பழ வாசனை சந்து முழுக்க வந்தது. குடிவந்த முதல் நாள், முதல் ஆளாக வாசலில் வந்து நிற்கிறவர் யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க அய்யா, உள்ள வாங்க" என்றாள்.

குராமோச்சி திரும்பி லாரியைப் பார்த்தார். அதன் முன்பக்கம் அவர் வயிற்றைத் தொடாத குறை. எல்லா ஜன்னல்களும் பார்த்துக்கொண்டிருந்தன. குனிந்து செருப்பைக் கழற்றினார். இரண்டையும் சேர்த்து வாசலைப் பார்த்தபடி ஒழுங்காக வைத்தார். படியில் ஒரு காலை வைத்தார்.

"தொந்தரவு பண்றேன்" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் சந்து சின்னது, என் பின்வாசல் வரை கேட்டது. இதைக் கேட்க என் அப்பா இருந்திருக்க வேண்டும். நான் உள்ளே போய்க் கத்தியைத் தீட்ட உட்கார்ந்தேன். மாதக் கடைசியில் அந்தக் கழுத்து எப்படியும் என்னிடம் வந்தாக வேண்டும். வரும்போது முன்வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்று சொல்லியனுப்பிவிட்டேன்.